செட்டருக்கும் சென்டர் பிளாக்கருக்கும் ஒரே மார்க் ஷீட்டா?

கேட்டவர் ஒரு அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். அவர் போன ஒரு வாலிபால் அணித் தேர்வில் எல்லாப் பையன்களுக்கும் ஒரே சோதனைதான் வைத்திருக்கிறார்கள்: சுவரில் ஒரு நிமிடம் ஃபிங்கர் போடுவது (விரல்களால் பந்தைத் திரும்பத் திரும்பத் தட்டுவது), 10 சர்வீஸ், 10 பாஸ், 10 ஸ்மாஷ். மொத்த மார்க்கைக் கூட்டி மேலிருந்து 12 பேரை எடுத்திருக்கிறார்கள். கடைசியில் அணியில், அடிக்கிறவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் உருப்படியாக ஒருவர்கூட இல்லை. இது சரியா, பொசிஷன் வாரியாக மதிப்பிட ஏதாவது வழி இருக்கிறதா என்பது அவர் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒருவனுக்குப் பந்து கையில் நன்றாகப் பேசுகிறது என்பதும், அவன் தன் இடத்து வேலையை ஆட்டத்தில் நன்றாகச் செய்கிறான் என்பதும் ஒன்றுதானா? ஒன்றில்லை என்றால், ஒரு நோட்டும் போனும் மட்டும் கையில் இருக்கிற ஆசிரியர் இரண்டாவதை எப்படி மார்க்காக எழுதுவது? நான் கல்லூரி ஆண்கள் அணிகளுக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்தவன், தேர்வுக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம், இரண்டும் ஒன்றில்லை. அதற்காகச் சுவர் சோதனை உதவாது என்று சொல்லவில்லை. உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். படித்தவர்கள் எல்லோரும் பிராடி டெஸ்ட்டைப் படித்திருப்போம், சுவரில் கோடு போட்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சரியாக வாலி செய்கிறான் என்று எண்ணுவது. அது 1945-இல் கல்லூரி மாணவர்களுக்காக வந்த சோதனை. ஒரு வகுப்பில் யாருக்குப் பந்துக் கட்டுப்பாடு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரிக்க அது இன்றைக்கும் போதும். ஆனால் பின்வரிசையில் பாஸுக்கும் டிஃபென்ஸுக்கும் மட்டுமே நிற்கிற லிபரோ என்ற இடமே சர்வதேச விதிகளில் 1998-இல்தான் வந்தது. வலை நடுவில் நின்று பிளாக் போகிற சென்டர் பிளாக்கர், பின்வரிசைக்கு வந்தால் தன் சர்வீஸ் முறை முடிந்ததும் வெளியே போய்விடுகிறான், எதிரணி சர்வீஸை வாங்கி (ரிசீவ்) பாஸ் எடுக்கிற வேலை, வலையின் இடது ஓரத்தில் அடிக்கிற இரண்டு அவுட்சைடு ஆட்டக்காரர்கள், ஒரு லிபரோ என்று மூன்று பேரிடம் போய்விட்டது. ஒரு மேட்ச் முழுக்க இரண்டு தடவைகூட சர்வீஸ் ரிசீவ் செய்யாத சென்டருக்கு 10 பாஸ் வைத்து மார்க் போட்டால், அந்த மார்க் அவனைப் பற்றி எதுவுமே சொல்லாது. செட்டருக்கு ஸ்மாஷில் 4 மார்க் குறைத்து அவனை வெளியே அனுப்புவதும் அதே கதைதான்.

எந்தப் பொசிஷனாக இருந்தாலும் நான் பிடித்துக்கொள்கிற ஒரு அடிப்படை இருக்கிறது. வாலிபாலில் பந்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது, பிளாக்கைத் தவிர வேறெதிலும் ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை தொடவும் முடியாது. அதனால் ஒரு தொடுதலின் தரம், அடுத்துத் தொடப்போகிறவனுக்கு அது எத்தனை வழிகளைத் திறந்து வைத்தது என்பதில்தான் இருக்கிறது. அடுத்துத் தொடப்போகிறவன் எதிரணிக்காரன் என்றால் அவனுக்கு எத்தனை வழிகளை அடைத்தது என்பதில். உலகம் முழுக்க பெரிய அணிகள் பயன்படுத்துகிற டேட்டா வாலி மென்பொருளும் இப்படித்தான் வேலை செய்கிறது. இத்தாலிக்காரர்கள் செய்தது. ஒவ்வொரு தொடுதலுக்கும் மிகச் சிறப்பு என்பதிலிருந்து நேர் தவறு வரைக்கும் ஆறு தரக் குறிகள் அதில் உண்டு. பாயின்ட் மட்டும் எண்ணுகிற பழக்கத்தை நாம் விட வேண்டியதற்குக் காரணமும் இதுதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் பிரேசிலின் செர்ஜியோ சான்டோஸ், செர்ஜின்யோ என்று கூப்பிடுவார்கள். அவர் லிபரோ. சர்வீஸ் போட முடியாது, பிளாக் போக முடியாது, வலைக்கு மேல் இருக்கிற பந்தை அடித்து அனுப்பவும் விதி இடம் கொடுக்காது. பாயின்ட் எண்ணுகிற நோட்டில் அவர் பேருக்கு எதிரே ஒன்றுமே இருந்திருக்காது.

ரிசீவிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இருப்பதிலேயே நம்பகமாக மார்க் போடக்கூடியது அதுதான். 3, 2, 1, 0 என்று நான்கு தரம் போதும். பாஸ் வந்த இடத்திலிருந்து செட்டரால் குயிக் (நடுவில் தாழ்வாகப் போட்டு வேகமாக அடிக்கிற பந்து) உட்பட எல்லா அட்டாக்கரையும் கூப்பிட முடிந்தால் 3. செட்டர் நகர வேண்டியிருந்தது, குயிக் போய்விட்டது, ஆனால் இரண்டு பக்கமும் லிஃப்ட் போட, அதாவது அடிக்கத் தூக்கிக் கொடுக்க முடியும் என்றால் 2. ஓடிப்போய் ஒரே பக்கம் உயரப் பந்து மட்டும்தான் தூக்க முடிந்தது, அல்லது பந்து நேராக எதிரணிக்குப் போய்விட்டது என்றால் 1. ஏஸ் கொடுத்தால், அதாவது சர்வீஸிலேயே நேராகப் பாயின்ட் போனால் 0. ஒரு விஷயம் கவனியுங்கள், பாஸ் பார்க்க அழகாக இருந்ததா, முழங்கை மடங்கியதா என்பதற்கு இதில் மார்க் கிடையாது. அதெல்லாம் பயிற்சியில் திருத்த வேண்டியது. தேர்வில் பந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் கணக்கு.

சராசரியை மட்டும் பார்த்து ஏமாந்துவிடவும் கூடாது. உதாரணத்துக்கு ஒரு பையன் 20 ரிசீவில் எட்டு 3, ஏழு 2, மூன்று 1, இரண்டு 0 எடுக்கிறான் என்று வையுங்கள், கூட்டினால் 41, சராசரி 2.05. இன்னொருவன் இரண்டு 3, பதினேழு 2, ஒரு 1, பூஜ்யமே கிடையாது. அவனுக்கும் 41, அதே 2.05. ஆனால் இரண்டு பேரும் ஒரே ஆட்டக்காரர்கள் இல்லை. பள்ளி, கல்லூரி மட்டத்தில் லிபரோவாக இரண்டாவது பையனைத்தான் நான் எடுப்பேன், ஏனென்றால் அந்த மட்டத்தில் தொடர்ச்சியாக இரண்டு ஏஸ் விழுந்தால் மொத்த அணியும் தலையைத் தொங்கப்போட்டுவிடுகிறது. நல்ல குயிக் அட்டாக் இருக்கிற, முதிர்ந்த அணி என்றால் முதல் பையனைக் கேட்பேன். இந்த இடம் என் தீர்ப்பு, வேறொரு பயிற்சியாளர் மாற்றிச் சொல்லலாம். அப்புறம் லிபரோவுக்கு எண்ணில் வராத ஒன்று உண்டு. எதிரணி சர்வர்கள் அவனைத் தவிர்த்து மற்றவர்கள் மேல் போடுகிறார்களா என்று பாருங்கள். நல்ல லிபரோவுக்கு ரிசீவ் எண்ணிக்கையே குறையும். அவனும் பக்கத்துப் பையனும் சேர்ந்து காக்கிற இடைவெளியில் விழுகிற பந்துக்கு யார் குரல் கொடுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ரிசீவ் எல்லோருடைய வேலையும் இல்லை என்பதைத் துணிந்து ஆட்டமாக்கியது 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க ஆண்கள் அணி. டக் பீல் பயிற்சியாளர். கார்ச் கிராலி, ஆல்டிஸ் பெர்சின்ஸ் என்ற இருவரே பெரும்பாலான சர்வீஸை எடுத்தார்கள், மற்றவர்கள் ஒதுங்கி அட்டாக்குக்குத் தயாரானார்கள். அப்போது லிபரோ கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். வேலை பிரிந்தால் மதிப்பீடும் பிரிந்துதான் ஆக வேண்டும்.

இப்போது அட்டாக். நம் ஊரில் அட்டாக்கர் என்று சொன்னால் பெரும்பாலும் முன்வரிசையின் இடது ஓரமான நாலாம் இடத்தில் அடிக்கிற அவுட்சைடு ஆட்டக்காரர்தான். எல்லோரும் பயன்படுத்துகிற கணக்கு இது: பாயின்ட் ஆன ஸ்மாஷ்களிலிருந்து வெளியே அடித்தது, வலையில் அடித்தது, பிளாக்கில் மாட்டியது மூன்றையும் கழித்து, மொத்த முயற்சியால் வகுப்பது. ஒரு அவுட்சைடு 30 பந்தில் 12 பாயின்ட், 5 தவறு என்றால் 7-ஐ 30-ஆல் வகுத்து 0.23. ஒரு சென்டர் 12 பந்தில் 7 பாயின்ட், 2 தவறு என்றால் 5-ஐ 12-ஆல் வகுத்து 0.42. உடனே சென்டர்தான் நல்ல அட்டாக்கர் என்று எழுதிவிட்டால் தப்பு. சென்டருக்குப் பந்து போவதே பாஸ் நன்றாக வந்தபோதுதான், அவனுக்கு எதிரே பெரும்பாலும் ஒற்றை பிளாக். பாஸ் உடைந்தபோதெல்லாம் உயரப் பந்து போவது அவுட்சைடுக்கு, எதிரே இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அதனால் அவுட்சைடு ஆட்டக்காரனின் 30 பந்தை இரண்டாகப் பிரியுங்கள். பாஸ் நன்றாக இருந்த 14 பந்தில் 8 பாயின்ட், 1 தவறு என்றால் 0.50. மீதி 16 உயரப் பந்தில் 4 பாயின்ட், 4 தவறு, அதாவது பூஜ்யம். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் அந்தப் பையனுக்கு என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே தெரிகிறது: கெட்ட பந்தை பிளாக்கர் கையில் பட்டு வெளியே போகிற மாதிரி அடிப்பது, அடிக்க முடியாத பந்தைப் பின்மூலைக்குத் தள்ளிவிட்டு ஆட்டத்தை உயிரோடு வைப்பது.

இரண்டு அவுட்சைடுகளை ஒப்பிடும்போது இன்னொன்றையும் யாரும் பார்ப்பதில்லை. ஒரு செட்டரை வைத்து ஆடுகிற 5-1 முறையில், சுழற்சி வரிசையில் செட்டருக்குப் பக்கத்தில் நிற்கிற அவுட்சைடு, தான் முன்வரிசையில் இருக்கிற மூன்று சுழற்சிகளில் இரண்டில் செட்டரோடு சேர்ந்து முன்னால் இருப்பான். அந்த நேரத்தில் முன்வரிசையில் அட்டாக்கர் இரண்டே பேர், எதிரணி பிளாக் அவன் பக்கம் சாய்ந்து நிற்கும். இன்னொரு அவுட்சைடுக்கு இந்தச் சிரமம் ஒரு சுழற்சியில் மட்டும்தான். இருவரின் சதவீதத்திலும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் அது திறமையா வரிசையா என்று முதலில் கேளுங்கள்.

யுனிவர்சல், அதாவது செட்டருக்கு எதிர் இடத்து ஆட்டக்காரரை நம் பள்ளிகளில் மதிப்பிடுவது கஷ்டம், காரணம் அந்தப் பையன் இல்லை. பின்பக்கம் லிஃப்ட் போடத் தெரிந்த செட்டர் இருந்தால்தான் அவனுக்குப் பந்தே வரும். ஜெரோம் வினித் மாதிரி ஒருவர் முன்வரிசையின் வலது ஓரமான இரண்டாம் இடத்திலும், பின்வரிசையிலிருந்தும் அடிப்பதைப் பார்த்துவிட்டு, நம் பையன் ஒரு செட்டில் மூன்று பந்துதான் அடித்தான், இவன் வேண்டாம் என்று சொல்வது நியாயமில்லை. அவனைப் பின்பக்க லிஃப்ட் வருகிற செட்டரோடு சேர்த்து ஆட விட்டுப் பாருங்கள். இன்னொரு பாதியும் இருக்கிறது. அவன் பிளாக் போவது எதிரணியின் நாலாம் இடத்து அட்டாக்கருக்கு எதிரே, அதுதான் பள்ளி ஆட்டத்தில் அதிகப் பந்து போகிற இடம். அதனால் யுனிவர்சலுக்கு பிளாக்கில் நான் கணிசமாக மார்க் வைப்பேன். முன்வரிசையில் இருக்கும்போது செட்டருக்கும் இதே பிளாக் வேலை உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

சென்டர் பிளாக்கர் விஷயத்தில்தான் மார்க் ஷீட் மிக மோசமாகத் தவறுகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிளாக் பாயின்ட்டை மட்டும் எண்ணுவார்கள். நேராக அடித்து இறக்கிய பிளாக் ஒரு மேட்சில் ஒருவருக்குச் சில தடவைதான் நடக்கும், அதுவும் எதிரே அடிக்கிறவன் மோசமாக அடித்ததாலும் நடக்கும். உண்மையான வேலை மற்ற பந்துகளில் இருக்கிறது. பிளாக்கில் பட்டது அணியின் மூன்று தொடுதலில் சேராது, அதனால் கையில் பட்டு வேகம் குறைந்து நம் பக்கம் மேலே எழுந்த பந்து முழு மூன்று தொடுதலோடு நமக்குக் கிடைக்கிறது. அது பாயின்ட்டுக்கு அடுத்த மதிப்புள்ள விஷயம், எந்த ஸ்கோர் ஷீட்டிலும் வராது. நான் சென்டருக்கு ஒவ்வொரு எதிரணி அட்டாக்கிலும் இப்படி எழுதுவேன்: இறக்கினால் 4, பட்டு நமக்கு ஆடக்கூடிய பந்தாக வந்தால் 3, படவில்லை ஆனால் பக்கத்து பிளாக்கரோடு இடைவெளி இல்லாமல் சேர்ந்து, அடிக்கிறவனை நம் டிஃபென்ஸ் நிற்கிற பக்கம் திருப்பினால் 2, நேரத்துக்கு வந்து சேரவில்லை அல்லது இருவருக்கும் நடுவே ஓட்டை விட்டால் 1, வலையைத் தொட்டாலோ, பந்து கையில் பட்டு வெளியே போனாலோ 0. வலையின் நடுவிலிருந்து பக்கக் கோடு வரை 4.5 மீட்டர். அந்தத் தூரத்தை செட்டர் கையை விட்டுப் பந்து போன பிறகு அவன் கடக்க வேண்டும். அதனால் அவன் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். செட்டர் பந்தைத் தொடுவதற்கு முன்பே ஊகித்துத் தாவுகிறானா, பார்த்துவிட்டு நகர்கிறானா, கடைசி அடியை வலைக்கு இணையாக வைத்து மேலே எழுகிறானா, ஓடின வேகத்தில் பக்கத்து ஆள் மேல் சாய்கிறானா. ஊகித்துத் தாவுகிறவனுக்கு ஒரு மேட்சில் பிளாக் பாயின்ட் நிறைய வரும், அடுத்த மேட்சில் நல்ல செட்டர் அவனை வைத்து விளையாடிவிடுவான்.

சென்டரின் அட்டாக்கிலும் பாதி வேலை கண்ணுக்குத் தெரியாதது. பந்து தனக்கு வராவிட்டாலும் ஒவ்வொரு நல்ல பாஸிலும் நேரத்துக்கு ஓடி எழும்பினால்தான் எதிரணி சென்டர் அந்த இடத்தில் நின்றுபோவான், பக்கத்தில் அடிக்கிறவனுக்கு ஒற்றை பிளாக் கிடைக்கும். இதை எண்ணுவது சுலபம், நல்ல பாஸ் எத்தனை, அதில் இவன் முழு மனதோடு குயிக்குக்கு எழும்பியது எத்தனை. மூன்றாவது செட்டில் இந்த விகிதம் விழுகிறதா என்று பாருங்கள், அது உடல் தகுதியையும் சேர்த்தே சொல்லிவிடும். குதிப்பது என்று வந்தால் அணியில் மற்ற எல்லோரையும்விட சென்டரும், எழும்பி லிஃப்ட் போடுகிற செட்டரும்தான் அதிகம் குதிக்கிறார்கள், ஆனால் நம் தேர்வுகளில் அட்டாக்கரின் உயரத்தை மட்டும்தான் டேப் வைத்து அளப்போம்.

செட்டருக்கு வருகிறேன். இங்கே உறுதியாகச் சொல்ல முடிகிறதும் இருக்கிறது, முடியாததும் இருக்கிறது. உறுதியாக மதிப்பிடக்கூடியது இரண்டு. ஒன்று, பந்துக்குக் கீழே போய்ச் சேர்வது: 2 தரப் பாஸிலும் 1 தரப் பாஸிலும் அவன் நின்று ஃபிங்கரில் எடுக்கிறானா, ஓடிக்கொண்டே கையால் தட்டிவிடுகிறானா. இரண்டு, லிஃப்ட்டின் தரம். அதற்கும் பாஸ் மாதிரியே 3 முதல் 0. அட்டாக்கர் முழுக் கை வீச்சில் கோட்டு ஓரமாகவும் குறுக்காகவும் அடிக்க முடிந்தால் 3, ஒரு அடி திருத்திக்கொண்டு ஒரு திசையில் மட்டும் அடிக்க முடிந்தால் 2, தள்ளிவிட மட்டும் முடிந்தால் 1, தவறானால் 0. அடித்தது பாயின்ட் ஆனதா என்பதைக் கண்டுகொள்ளவே கூடாது, கோட்டைவிட்டது அட்டாக்கராகவும் இருக்கலாம். இந்த 3-0 மார்க்கை கெட்ட பாஸ்களுக்குத் தனியாகக் கூட்டுங்கள். பள்ளி மட்டத்தில் செட்டர்களைப் பிரித்துக்காட்டுவது அந்தக் கணக்குதான். நல்ல பாஸ் வந்தால் யார் வேண்டுமானாலும் நல்ல லிஃப்ட் போடலாம்.

சந்தேகமானது மூன்றாவது விஷயம், யாருக்குப் போடுவது என்கிற முடிவு. நல்ல பாஸ்களில் மட்டும், அவன் லிஃப்ட்டை அடித்தவருக்கு எதிரே எத்தனை பிளாக்கர் இருந்தார்கள் என்று எண்ணலாம். ஒருவரோ யாருமே இல்லாமலோ இருந்த பந்துகளின் விகிதம் அதிகமாக இருந்தால் செட்டர் யோசிக்கிறான் என்று ஓரளவு சொல்லலாம். ஓரளவுதான், ஏனென்றால் எதிரணி சென்டர் சோம்பேறியாக இருந்தாலும் இந்த எண் ஏறும், நம் சென்டர் நன்றாக ஓடினாலும் ஏறும், அந்தப் பெருமை நம் சென்டருக்குச் சேர வேண்டியது. தமிழ்நாட்டிலிருந்து போய் இந்திய அணிக்கு கேப்டனாக இருந்த செட்டர் மோகன் உக்கரபாண்டியன் ஆடிய மேட்ச் வீடியோ கிடைத்தால், பந்தை விட்டுவிட்டு எதிரணி சென்டர் எந்தக் காலை முதலில் எடுக்கிறான் என்று மட்டும் பாருங்கள். செட்டரின் முடிவு அங்கேதான் தெரியும். ஒரு நாள் தேர்வில் இரண்டு செட்டரை ஒப்பிட ஒரே நம்பகமான வழி, பாதி ஆட்டத்தில் அவர்களை அணி மாற்றுவது. அதே பாஸர்கள், அதே அட்டாக்கர்கள், செட்டர் மட்டும் மாற வேண்டும். இரண்டு பக்கமும் போய் அட்டாக்கர்களுக்கு நல்ல பந்து கொடுக்கிறவன் செட்டர், அவனுடைய ஸ்மாஷ் மார்க் என்னவாக இருந்தால் என்ன. அந்தத் தேர்வில் உங்கள் பள்ளி செட்டர் யாராவது விட்டுப்போயிருந்தால், அவனை அடுத்த முறை இப்படி ஒரு ஆட்டத்தில் பார்க்கச் சொல்லி நீங்களே குழுவிடம் கேட்கலாம், யாரும் மறுக்கக் காரணம் இல்லாத கோரிக்கை அது.

சர்வீஸ் லிபரோ தவிர எல்லோருக்கும் பொது, அதனால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஏஸையும் தவறையும் மட்டும் எண்ணாமல், எதிரணியின் பாஸ் என்ன தரத்தில் வந்தது என்று எழுதுங்கள், அவர்களுக்கு 1 வந்தால் நம் சர்வருக்கு நல்லது. தவறான சர்வீஸ் எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எதிரணி நம் சர்வீஸில் பாதிப் பந்துகளை மட்டும்தான் பாயின்ட்டாக்குகிறது என்றால், உள்ளே விழுகிற ஒவ்வொரு சர்வீஸும் நமக்குச் சராசரியாக அரைப் பாயின்ட், வெளியே அடித்தால் அந்த அரை போச்சு. எதிரணி 70 சதவீதம் ஜெயிக்கிற பலமான அணி என்றால் இழப்பது 0.3 மட்டுமே, அப்போது துணிந்து ஜம்ப் சர்வீஸ் அடிக்கலாம். டிவியில் சர்வதேச ஆட்டக்காரர்கள் சர்வீஸை வெளியே அடிப்பதைப் பார்த்துவிட்டு பள்ளிப் பையன்கள் அப்படியே செய்வது ஏன் தப்புக் கணக்கு என்பது இதில் இருக்கிறது. அவர்கள் மட்டத்தில், சுழலாமல் ஆடி ஆடிப் போகிற ஃப்ளோட் சர்வீஸை இரண்டு பேருக்கு நடுவில் பத்துக்கு ஒன்பது தடவை போடுகிறவனுக்கு நான் அதிக மார்க் கொடுப்பேன்.

டிஃபென்ஸில் எடுத்த பந்துகளை எண்ணி மார்க் போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒருவனுக்கு எத்தனை பந்து வருகிறது என்பதை முன்னால் நிற்கிற பிளாக்தான் தீர்மானிக்கிறது, பிளாக் நன்றாக இருந்தால் லிபரோவுக்கு வேலையே குறைவாக இருக்கும், மோசமாக இருந்தால் அவன் தரையில் உருண்டு உருண்டு கைதட்டு வாங்குவான். நான் பார்ப்பது, அட்டாக்கரின் கை பந்தில் படுகிற நேரத்தில் இவன் நின்றுவிட்டானா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறானா. நின்றிருந்தால் எடுக்க முடியாத பந்தாக இருந்தாலும் பாதி மார்க் உண்டு. லிபரோவுக்கு இன்னொரு சோதனை அவசியம் வையுங்கள்: முதல் பந்தை செட்டரே எடுக்க நேர்ந்தால் இரண்டாவது தொடுதல் பெரும்பாலும் லிபரோவுக்கு வரும். வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போட்டிருக்கிற கோட்டுக்கு முன்னால் நின்று அவன் ஃபிங்கரில் லிஃப்ட் போட்டால், அந்தப் பந்தை வலைக்கு மேலிருந்து அடிக்க முடியாது, அது விதி. அதனால் கோட்டுக்குப் பின்னாலிருந்து ஃபிங்கரில் போடவும், முன்னால் வந்துவிட்டால் கீழ்க்கையில் துல்லியமாக உயர்த்தவும் அவனுக்குத் தெரிய வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த பையன் மாவட்டத்துக்கு ஒருவன் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

ஒரே நாள் தேர்வு என்றால் எப்படிச் செய்வது? காலையில் உங்கள் பழைய சோதனைகளை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடிப்படை இல்லாதவர்களைக் கழிக்க மட்டும். மீதியிருப்பவர்களை அவரவர் இடத்தில் நிற்கவைத்து ஆறுக்கு ஆறு ஆட விடுங்கள், ஒவ்வொரு பாயின்ட்டுக்கான ஆட்டமும் சர்வீஸில்தான் ஆரம்பிக்க வேண்டும், சும்மா பந்தைத் தூக்கிப்போட்டுக் கொடுக்கக் கூடாது. பாஸர்கள் எல்லோருக்கும் ஒரே சர்வர்கள் போட வேண்டும், அட்டாக்கர்கள் எல்லோருக்கும் ஒரே செட்டர் லிஃப்ட் போடும் சுற்று ஒன்று இருக்க வேண்டும். போனைப் பின்கோட்டுக்குப் பின்னால், முடிந்தால் ஒரு மேஜை மேல் நாற்காலி போட்டு உயரத்தில் வையுங்கள், பக்கத்திலிருந்து எடுத்தால் பிளாக் இடைவெளி தெரியாது. இந்த ஒரு நாள் எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட காலத்தில் 40 சதவீதம் பாயின்ட் அடிக்கிற ஒருவன் ஏதோ ஒரு நாள் 20 பந்தில் 6-ம் அடிக்கலாம், 10-ம் அடிக்கலாம், அவனிடம் எதுவும் மாறியிருக்காது. அதனால் 20 பந்தில் இருவருக்கும் இரண்டு பாயின்ட் வித்தியாசம் என்றால் அவர்கள் சமம் என்றே எழுதிவிட்டு, வேறு காரணத்தை வைத்து முடிவெடுங்கள்.

எந்தப் பொசிஷனுக்கு எதில் எவ்வளவு மார்க் என்று கேட்டால், நான் தோராயமாக வைப்பது இது, ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லிபரோவுக்கு ரிசீவில் பாதிக்கும் மேல், மீதியில் டிஃபென்ஸும் இரண்டாவது தொடுதலும். செட்டருக்கு லிஃப்ட்டின் தரம் பாதி, மீதியில் பந்துக்குப் போய்ச் சேர்வது, முடிவு, பிளாக், சர்வீஸ், கடைசியில் அட்டாக். சென்டருக்கு பிளாக் முதலில், குயிக் அடுத்தது, சர்வீஸ் மூன்றாவது, ரிசீவுக்கு ஒன்றுமே இல்லை. யுனிவர்சலுக்கு அட்டாக் பாதி, பிளாக் கால்வாசி. அவுட்சைடுக்குத்தான் பிரிப்பது கடினம், அணியில் எல்லா வேலையும் செய்கிறவர் அவர்தான். அட்டாக்குக்கும் ரிசீவுக்கும் ஏறக்குறைய சமமாக வையுங்கள், இரண்டில் ஒன்றில் மிகவும் கீழே இருப்பவரை மொத்த மார்க் அதிகம் என்பதற்காக எடுக்காதீர்கள். நான் சொன்னதெல்லாம் பெரும்பாலும் ஆண்கள் ஆட்டத்தில் பார்த்தது. பெண்கள் ஆட்டத்தில் வலை 2.24 மீட்டர், பந்து தரைக்கு வராமல் நீண்ட நேரம் போய் வரும், அதனால் டிஃபென்ஸுக்கும் அதற்குப் பிறகு வருகிற அட்டாக்குக்கும் மார்க் கூட்டத்தான் வேண்டும், எவ்வளவு என்பதைப் பெண்கள் அணிகளோடு இருந்தவர்கள் சொன்னால் நான் கேட்டுக்கொள்வேன். 14 வயதுப் பையன்களுக்கு இந்தப் பிரிவினையே வேண்டாம். இன்றைக்குக் குட்டையாக இருப்பவன் இரண்டு வருடத்தில் சென்டர் உயரத்துக்கு வளரலாம், ரிசீவ் பழகாமல் சென்டராகவே வளர்ந்தவன் வளர்த்தி நின்றுபோனால் எந்த இடத்துக்கும் ஆக மாட்டான். அந்த வயதில் எல்லோருக்கும் எல்லாச் சோதனையும் சரிதான்.

கடைசியாக ஒரு வேலை, இதைச் செய்யாமல் மார்க் போட ஆரம்பிக்காதீர்கள். பழைய மேட்ச் வீடியோ ஒன்றை எடுத்து, நீங்களும் உங்களோடு மார்க் போடப்போகிறவரும் தனித்தனியாக உட்கார்ந்து ஒரு செட் முழுக்க ரிசீவுக்கு மார்க் எழுதுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3, 0 இரண்டிலும் பெரும்பாலும் ஒத்துப்போவீர்கள், சண்டை வருவது 2-க்கும் 1-க்கும் நடுவில். அந்தப் பந்துகளைத் திரும்பப் போட்டுப் பார்த்து, செட்டர் மூன்று மீட்டர் கோட்டுக்கு வெளியே போனால் 1 என்கிற மாதிரி தரையில் தெரிகிற ஒரு அடையாளத்தை இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு, மார்க் ஷீட்டின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். பிளாக்குக்கும் லிஃப்ட்டுக்கும் இதே மாதிரி ஒவ்வொரு செட் பார்க்க வேண்டியிருக்கும், அதில் சண்டை இன்னும் அதிகமாக வரும், அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.